கல்வராயன் மலையில் ஒரு மூட்டைக் கல்

மண் எடுக்கப் போகிறவன் மரம் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தென்னாற்காட்டுக்குள் நுழைந்த முதல் நாளே ஏழு மரம் தாண்டினேன். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் ஒரு மரம் வரைக்கும் வரும். இறங்கி, பையும் மண்வெட்டியுமாக மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தால், அங்கே வேறு வண்டி நின்றால் உண்டு. இல்லாவிட்டால் நடராஜா சர்வீஸ்தான்.

கோரிக்கை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பசித்தவனுக்குத்தான் பசி தெரியும். என் எரிச்சலெல்லாம் எங்கள் மேலதிகாரி மேல்தான். தினமும் இரண்டு பேப்பர் படிக்கிற மனிதர், மறியல் செய்தியை மடித்து வைத்துவிட்டு, "நீங்க கிளம்புங்க, அதெல்லாம் ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று கோவில்பட்டியிலிருந்து என்னை அனுப்பி வைத்தார். அவருக்கென்ன, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்.

வேலை இதுதான். கல்வராயன் மலையில் சரிவான மானாவாரிக் காடுகளில் எது மழைக்குக் கரையும், எது தாங்கும் என்று தரம் பிரித்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். கேட்கச் சின்ன வேலை போலத்தான் இருக்கும். ஆனால் 'கரையும்' என்று நான் எழுதுகிற காட்டில் அதற்கப்புறம் ஏர் இறங்க முடியாது. அரசாங்கம் எடுத்து மரக்கன்று நட்டுவிடும். மலைக்காரர்களில் பாதிப் பேருக்குப் பட்டாவும் கிடையாது. எதிர்த்துப் பேச ஒரு காகிதத் துண்டு இல்லாதவர்களின் சோற்றை என் பேனா தீர்மானிக்கும் என்பதே எனக்குப் பிடிக்காத விஷயம். திங்கட்கிழமை கரியாலூரில் முதல் காடு என்று தகவல் போயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை நான் நைனார்பாளையத்தில் ஒரு உரக்கடை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமையும் அங்கேயேதான்.

ஊர் பெரிய ஊர். கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. ஏழுமலை என்பவரின் டீக்கடை மட்டும் முன்கதவைச் சாத்திவிட்டு, பக்கத்துச் சந்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி மிச்சக் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுக்கு நான் எதிரியல்ல. ஆனால் நாலு வேளை தொடர்ந்து தின்றால் மனுஷன் கொக்காகிவிடுவான்.

"நாளைக்காவது பஸ் விடுவாங்களா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் சார். கேட்டது கெடைச்சா வுடுவாங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து கேட்டுக்கினுதான் கீறோம்" என்றார்.

சும்மா இருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது. ரோட்டோரத்தில் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து வந்து, அவருடைய டீ கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டேன். இது எங்கள் தொழிலில் ஏழைக்கேற்ற பரிசோதனை. மண் எப்படிப்பட்டது என்று தண்ணீரே சொல்லிவிடும். கட்டி கட்டியாகவே உட்கார்ந்திருந்தால் அதில் பசை இருக்கிறது, மக்கிய இலைதழையான மக்கு இருக்கிறது, மழையைத் தாங்கும். பொலபொலவென்று உதிர்ந்தால் சுமார். தண்ணீர் பால் கலந்த மாதிரிக் கலங்கிவிட்டால் அந்த மண் முதல் மழைக்கே மூட்டை கட்டிவிடும். நைனார்பாளையத்துக் கட்டி இரண்டு நிமிஷத்தில் உதிர்ந்தது.

"யோவ் சார், கிளாஸ்ல இன்னாத்தப் போட்டு வெச்சிக்கீறீங்க?"

"மண்ணு, ஏழுமலை. சும்மா ஒரு சோதனை."

"டீ கிளாஸ்ல மண்ணைப் போட்டா, எனக்குத்தான் சோதனை. நாளைக்கு எவன் இதுல டீ குடிப்பான்?" என்று பிடுங்கிக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். ஆனாலும் மனுஷருக்கு ஆர்வம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "இன்னா சொல்லுது எங்க மண்ணு?" என்று கேட்டார்.

சொன்னேன். பருமணல் பெரிசு, உருட்டிக்கொண்டு போக வெள்ளத்துக்குப் பலம் வேண்டும். களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே பவுடர் மாதிரி ஒரு மண் இருக்கிறது. கனமும் இல்லை, பசையும் இல்லை. தண்ணீர் வந்தால் முதலில் போவது அதுதான் என்றேன். ஏழுமலை தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு அடுத்த டீயைப் பழைய தகர டம்ளரில் கொடுத்தார்.

புதன்கிழமை பொறுமை போய்விட்டது. ஒரு டிராக்டரில் கொஞ்ச தூரம், மீதி நடை என்று கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. அங்கே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. வியாழக்கிழமை, எனக்கென்று ஒதுக்கியிருந்த ஜீப்பைக் கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அது பந்தோபஸ்து வேலைக்குப் போயிருந்தது. எப்போது வரும் என்று கேட்டேன். பந்தோபஸ்து முடிந்ததும் வரும் என்றார்கள். பந்தோபஸ்து எப்போது முடியும்? மறியல் முடிந்ததும். நான் லாட்ஜுக்குத் திரும்பினேன். அங்கே கொடுத்த காபியைப் பற்றி எழுதினால் கட்டுரை கசந்துவிடும்.

வெள்ளிக்கிழமை கடுக்காய் ஏற்ற வந்த ஒரு காலி லாரியில் தொற்றி மலையேறினேன். வளைவுக்கு வளைவு டிரைவர் என்னைப் பார்த்து, "பயமாக் கீதா சார்?" என்று கேட்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டினால் பயம் குறையும் என்று சொன்னேன். குளிர்ந்த காற்றும் மழை நனைத்த பச்சையும் நன்றாகத்தான் இருந்தன. மேலே சமவெளி மாதிரி விரிந்த இடத்தைப் பார்த்ததும், மரமே இல்லாத எங்கள் கரிசல் காட்டில் பிறந்தவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் இடுப்பு விட்டுப்போனவனால் பச்சையை எவ்வளவு நேரம் ரசிக்க முடியும்?

கரியாலூரில் தலையாரி ஆண்டி எனக்காகத் திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்தார். நாலு நாள் கோபம் முகத்தில் தெரிந்தது.

"திங்கக்கெழமை வரேன்னு சொல்லிப்புட்டு இன்னிக்கு வரீங்களே சார். அந்தம்மா காட்டைத் துடைச்சு வெச்சிக்கினு ஒக்காந்திருந்திச்சு. இப்ப வந்து பாருங்க" என்றார்.

துடைத்து வைத்தாரா? எனக்கு விளங்கவில்லை. போனதும் விளங்கிவிட்டது.

வெள்ளச்சி என்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயசிருக்கும். புருஷன் குடகுக் காபி எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போனவர். வருஷத்தில் பாதி அங்கேதான். வீட்டுக்கு மேலே நல்ல சரிவில் ஒரு காடு. மேல்பாதியில் சாமை நின்றது. கீழ்ப்பாதியைக் கொள்ளு விதைக்க வெறுமையாக விட்டிருந்தார். அந்த வெறும் நிலத்தில் கோடு போட்ட மாதிரி இரண்டு பாகம் தெரிந்தது. வலது பக்கம் முழுக்கக் கல். கைப்பிடி அளவில், தேங்காய் அளவில், மண்ணுக்குள் பாதி புதைந்த கற்கள். இடது பக்கம் ஒரு கல் இல்லை. அத்தனையும் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தது. அந்த இடது பக்கம்தான் புதன்கிழமை மழையில் கிழிந்து கிடந்தது. முழங்கால் ஆழத்துக்கு இரண்டு வாய்க்கால். மேல்மண் முழுவதும் கீழே ஓடையில் போய்ச் சேர்ந்திருந்தது. கல் நிறைந்த வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"இந்தப் பக்கம் ஏம்மா கல்லைப் பொறுக்கினீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வரீங்கன்னுதான் சார்."

அவர் ஆண்டியைப் பார்த்தார். ஆண்டி வேறெங்கோ பார்த்தார். பிறகு அந்தம்மாதான் சொன்னார். போன வருஷம் பக்கத்து ஊருக்கு வந்த ஆபீசர் ஒருவர் ஒரு காட்டைப் பார்த்துவிட்டு, 'வெறும் கல்லுக்காடு, பயிருக்கு லாயக்கில்லை' என்று எழுதிப் போனார். காடு போய்விட்டது.

"கல்லு இருந்தா ஆபீசருங்களுக்குப் புடிக்காதுன்னு இவுருதான் சொன்னாரு. பத்து நாளு பொறுக்கினேன். இந்தப் பாதி ஆச்சு. அந்தப் பாதிக்குப் போறதுக்குள்ள மழ வந்துடிச்சு."

"உங்க வழக்கம் என்ன? கல்லைப் பொறுக்குவீங்களா?"

"ஐய! எங்க மலையில எவளாவது கல்லைப் பொறுக்குவாளா? கல்லு கெடந்தாத்தான் மண்ணு கெடக்கும். எங்க மாமியா ஒரு கல்லைத் தூக்கிப் போட்டாக்கூட வையும்." குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கிழிந்த பக்கத்தில் வைத்தார். "தெரிஞ்சுகினேதான் பொறுக்கினேன் சார். உங்களுக்கு நல்ல காடாத் தெரியணும்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் செய்யக் கூடாது என்று தெரிந்த ஒரு காரியத்தை, கையில் பேனா வைத்திருக்கிற ஒருவன் முகம் சுளிக்காமல் இருப்பதற்காக ஒரு பெண் பத்து நாள் குனிந்து செய்திருக்கிறார். அந்தப் பேனாக்காரன் நான். மறியல் இல்லாமல் திங்கட்கிழமையே வந்திருந்தால் நானும் அந்தச் சுத்தமான பாதியைப் பார்த்து, அடடா என்று பாராட்டியிருப்பேன். அதைக் கேட்டு அவர் மீதிக் கல்லையும் பொறுக்கியிருப்பார். அடுத்த மழையில் மீதிக் காடும் போயிருக்கும்.

அவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். கருவாடு இல்லாத அந்தச் சோற்றை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். சாப்பிட்டதும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, வலது பக்கத்திலிருந்து எடுத்த ஒரு மண்கட்டியைப் போட்டேன். நைனார்பாளையத்துக் கட்டிக்கு இரண்டு நிமிஷம் ஆனது. இது அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கிவிட்டது.

வெள்ளச்சி டம்ளரைப் பார்த்தார். "இது கெட்ட மண்ணா சார்?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மண் பலமில்லாத மண்தாம்மா. பசை கம்மி, மக்கும் கம்மி. ஆனா காடு நல்ல காடு. மேலே கல் கிடக்கிறதால மழைத் துளி நேரே மண்ணுல விழறதில்லை. ஓடுற தண்ணியும் கல்லுல முட்டி முட்டி வேகம் குறையுது, உள்ளே இறங்குது" என்றேன்.

"அப்ப அப்புடியே எழுதிடுங்க."

அங்கேதான் சிக்கல். எங்கள் கூடத்தில் மண் வந்ததும் முதல் வேலையாக அதைச் சலிப்போம். இரண்டு மில்லிமீட்டர் சல்லடை. அதற்குக் கீழே விழுவதுதான் மண். மேலே நிற்பதை ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவோம். பதினெட்டு வருஷமாக நான் அப்படித்தான் கொட்டியிருக்கிறேன். எங்கள் கரிசலுக்கு அது சரி. அங்கே கல்லைத் தேடினாலும் கிடைக்காது. அதே சல்லடையை இந்த மலைக்கும் போட்டால் இந்தக் காட்டைக் காப்பாற்றுகிற பொருளைத்தான் முதலில் தூக்கி எறிவோம். மிஞ்சுகிற பவுடர் 'கரையும், கரையும்' என்றுதான் சொல்லும்.

இதை முடிந்தவரை எளிமையாக அவருக்குச் சொன்னேன்.

"இந்தக் காடு போச்சுன்னா நானும் குடகுக்குத்தான் போவணும் சார். எனக்கு அங்க புடிக்காது. மழையில அட்டை கடிக்கும்" என்றார். பிறகு எழுந்து போய் ஒரு கோணிச்சாக்கோடு வந்தார். "மண்ணை மட்டும் எடுத்துக்கினு போனாத்தான அப்புடிச் சொல்லும்? கல்லோட எடுத்துக்கினு போங்க."

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. வலது பக்கத்தில் ஒரு கஜச் சதுரத்தைக் கயிறு கட்டி அளந்து, மேலே கிடந்ததும் புதைந்ததுமாக ஒரு கல் விடாமல், மண்ணோடு சேர்த்துச் சாக்கில் அள்ளினோம். அள்ளிய இடம் பள்ளமாகத் தெரிந்ததும் அந்தம்மா சும்மா இருக்கவில்லை. ஓரத்துக் குவியலிலிருந்து கல்லைக் கொண்டுவந்து அந்த ஒரு கஜத்தை உடனே மூடிவிட்டுத்தான் மூச்சுவிட்டார். சாக்கின் கனத்துக்கு ஆண்டியே முனகினார்.

"எழுதறப்ப கல்லையும் எழுதுங்க சார்" என்பது மட்டும்தான் கிளம்பும்போது வெள்ளச்சி சொன்னது.

சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கின ஒரே பஸ்ஸில் அந்தச் சாக்கோடு ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். அடிவாரத்தில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. முந்தின நாள்தான் கீழே பஸ்கள் மேல் கல் விழுந்திருக்கிறது. மலையில் இருந்த எனக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கான்ஸ்டபிள் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"இது யாருது?"

"என்னுது."

"உள்ள இன்னா?"

"கல்லு" என்றேன். பதினெட்டு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் இவ்வளவு நேர்மையான பதிலை நான் சொன்னதில்லை.

என்னை இறக்கினார்கள். சாக்கை இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வாரமாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மண் பரிசோதனைன்னு போட்டுக்கீது. மண்ணுதான எடுக்கணும்? இவ்ளோ கல்லை எதுக்கு எடுத்துக்கினு போற?"

"இந்தக் கல்தான் சார் மண்ணைக் காப்பாத்துது. அதை நிரூபிக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எங்கள் மேலதிகாரியிடம்கூட நான் பார்த்ததில்லை. கல்லால் எதையாவது காப்பாற்றப் போகிறேன் என்று அந்த வாரத்தில் அவரிடம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அரை மணி நேரம் விளக்கினேன். சல்லடை, சரிவு, மழைத் துளி எல்லாம் சொன்னேன். இறுதியில் நான் கெட்டவனில்லை என்று நம்பினார். புத்தி கொஞ்சம் கம்மி என்று முடிவு கட்டியிருக்க வேண்டும்.

"யோவ், மண்ணை மட்டும் குடுத்து அனுப்பு. கல்லைத் தூக்கிக் கெணத்துல போடு" என்றார் கான்ஸ்டபிளிடம். மரியாதை தெரிந்த மனிதர். என்னிடம் திரும்பி, "தப்பா நெனைக்காதீங்க சார், எனக்கு மேலயும் ஆளுங்க கீறாங்க" என்றார்.

சாக்கை ரோட்டில் கவிழ்த்தார்கள். கற்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பாழுங்கிணற்றுக்குள் போய் விழுகிற சத்தத்தை எண்ணாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். மண்ணைக் கான்ஸ்டபிள் கையாலேயே கூட்டி அள்ளி, கவனமாகச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஒரு பொடிக்கல்கூட மிச்சமில்லை. எங்கள் சல்லடை இவ்வளவு சுத்தமாகச் சலிக்காது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

அதன் பிறகு வீடு வந்து சேர்ந்த கதை பழைய கதைதான். மரங்கள், நடை, இன்னொரு கருவாட்டுக் குழம்பு.

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். மேலதிகாரி கடைசி வரை கேட்டார்.

"ரெண்டு மில்லிமீட்டருக்கு மேலே இருக்கறது மண்ணே இல்லையே. அதைப் போய் ஏன் அள்ளினீங்க?" என்றார். "இருக்கிற மண்ணைச் சலிச்சு ரிசல்ட் எழுதுங்க."

"எழுதினா 'கரையும்'னு வரும் சார். காடு கரையலை. நான் கண்ணால பார்த்தேன்."

"அப்ப கல் விழுக்காடுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதுங்க."

இருந்தது. அந்தக் கட்டத்துக்குக் கீழேயே, பாதிக்கு மேல் கல் இருந்தால் சாகுபடிக்கு லாயக்கில்லை என்று அச்சடித்தும் இருந்தது. வெள்ளச்சி காட்டில் பாதிக்கு மேல் கல்தான். கல்லை எழுதாவிட்டால் மண் காட்டிக்கொடுக்கும். கல்லை எழுதினால் கல்லே காட்டிக்கொடுக்கும். எப்படிப் பார்த்தாலும் வெள்ளச்சி குடகுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். நான் பார்த்த உண்மையை எழுத அந்தப் படிவத்தில் ஒரு அங்குல இடம் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கடைசியில் அந்த மண்ணைச் சலிக்கவே இல்லை. 'மாதிரி வழியில் சேதமடைந்தது. நேரில் மறு ஆய்வு செய்த பின்பே முடிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறு ஆய்வு பாக்கி இருக்கிற காடு எதையும் பட்டியலில் சேர்க்க முடியாது என்பது விதி; அதுவரை அங்கே ஏர் ஓடலாம். மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்ப மறுபடி நீங்கதான் போகணும்."

"போறேன் சார். மறியல் ஓயட்டும்" என்றேன்.

மறியல் ஓய்ந்தது. மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பஸ்கள் ஓடின, அந்த மேலதிகாரி ஓய்வுபெற்றார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இது என்னாச்சு?" என்று கேட்கிறார். அடுத்த மாதம் என்கிறேன். வெள்ளச்சி பெயருக்கு எதிரே இன்னும் 'மறு ஆய்வு' என்றே இருக்கிறது. நான் போகவில்லை. போகவும் மாட்டேன்.